இணையம் பரீட்சை எழுதிய இடங்கள்

கம்பஸுக்குள் நின்று போனில் வைஃபையைப் போட்டால் வரும் பெயர்களில் ‘எடுரோம்’ என்று ஒன்று இருக்கும். முதலாம் வருஷத்தில் நாங்கள் அதை ஏதோ ஒரு தொலைபேசிக் கொம்பனியின் பெயர் என்றுதான் நினைத்தோம். கடவுச்சொல் கேட்கும், போடுவோம். வேலை செய்தால் சந்தோஷம், செய்யாவிட்டால் டேட்டாவைப் போட்டுக்கொண்டு போய்விடுவோம். அதுக்கும் ஒரு வரலாறு இருக்கும் எண்டு யார் யோசிச்சது?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு, இது பொறியியல் பீடத்தாரின் பாடம்தானே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் தேடி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. இணையத்தில் இன்று சாதாரணமாகிவிட்ட பல சேவைகள் முதலில் ஓடிப் பார்த்தது பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைக்கும் வலையமைப்புகளில்தான். இவற்றை ஆராய்ச்சி, கல்வி வலையமைப்புகள் என்பார்கள். இலாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத இடம் என்பதால், அங்கே புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அது உடையலாம். உடைந்ததை எல்லோருமாகச் சேர்ந்து திருத்தலாம்.

அந்தச் சோதனைக் கட்டத்தில் யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை? இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமில்லை, வரலாற்றுக் கேள்வியும்தான். தமிழ் இணையத்துக்குள் எப்படி நுழைந்தது என்ற கதையும் இதற்குள்தான் வருகிறது.

400 யார் தூரம்

தொடக்கமே ஒரு உடைவுதான். 1969 ஒக்டோபர் 29 அன்று, லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு மாணவர், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு ‘லொகின்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினார். இரண்டு எழுத்துப் போனது. மூன்றாவது எழுத்தோடு மற்றப் பக்கத்துக் கணினி விழுந்துவிட்டது. ஆர்பாநெட் என்ற வலையமைப்பின் முதல் செய்தி அது. கொஞ்ச நேரத்தில் திருத்தி, மறுபடி அனுப்பி, சரிவரச் செய்தார்கள்.

அதைவிடப் பெரிய உடைவு 1986 ஒக்டோபரில் வந்தது. அப்போது பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக இணைந்துகொண்டிருந்தன. லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் 400 யார் தூரம்தான், நடந்தால் ஐந்து நிமிஷம். அந்த இரண்டுக்கும் இடையில் செக்கனுக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வேகம், திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. கிட்டத்தட்ட எண்ணூறில் ஒரு பங்கு. ஒரு பேப்பரில் எழுதி ஆள்விட்டு அனுப்பியிருந்தால் அதைவிடக் கெதியாகப் போயிருக்கும்.

கம்பி அறுந்திருக்கவில்லை, இயந்திரமும் பழுதில்லை. பிரச்சினை கணினிகளின் நடத்தையில் இருந்தது. ஒரு கணினி தரவுப் பொதியை அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வரப் பிந்தினால், தொலைந்துவிட்டது என்று நினைத்து அதையே திரும்ப அனுப்பும். பாதையில் நெரிசல் என்பதால்தான் பதில் பிந்துகிறது. ஆனால் திரும்ப அனுப்புவதால் நெரிசல் இன்னும் கூடும். தேர்த்திருவிழாவில் கோயில் வாசலில் சனம் அடைபட்டு நிற்கும்போது பின்னால் நிற்பவர் ‘ஏன் போகேல்ல’ எண்டு தள்ளினால் என்ன நடக்குமோ, அதேதான் நடந்தது. பாதை முழுக்கப் பொதிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே அனுப்பியவற்றின் பிரதிகள்.

அந்த ஆய்வுகூடத்தில் இருந்த வான் ஜேகப்சன், பேர்க்லியின் மைக்கல் கேரல்ஸோடு சேர்ந்து இதற்குத் தீர்வு தேடினார். தீர்வைக் கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. எடுத்தவுடனே எல்லாவற்றையும் கொட்டாதே. முதலில் ஒரு பொதி அனுப்பு, பதில் வந்தால் இரண்டு அனுப்பு, பிறகு நான்கு. ஒன்று தொலைந்தால் பாதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு உன்னுடைய வேகத்தைக் குறைத்துக்கொள். 1988 இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிரலை பேர்க்லியின் யுனிக்ஸ் வெளியீட்டோடு சேர்த்து, கேட்ட பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். இன்று நாங்கள் ஒரு வீடியோ பார்த்தாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் அந்த யோசனையின் வழிவந்த ஒன்றுதான்.

எங்களுக்கு இந்தக் கதை பிடித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தத் தீர்வில் நடுவில் நின்று பொதிகளை நிறுத்தும் பொலிஸ்காரர் யாரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானாகவே மற்றவருக்கு இடம் விட வேண்டும். ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருந்த, நிரலைப் பூட்டி வைக்காத ஒரு சமூகத்தில்தான் அப்படி ஒரு தீர்வை யோசிக்கவும் பரப்பவும் முடிந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சந்தைக்குப் போன பிறகு

1980களின் நடுவில் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம், பல்கலைக்கழகங்களுக்காக என்எஸ்எஃப்நெட் என்ற முதுகெலும்பு வலையமைப்பைத் தொடங்கியது. 1986 இல் செக்கனுக்கு 56 கிலோபிட்டாக இருந்த அதன் இணைப்புகள் 1988 இல் 1.5 மெகாபிட்டாகவும், பிறகு 45 மெகாபிட்டாகவும் வளர்ந்தன. அதில் வியாபாரம் செய்யக்கூடாது என்று விதி இருந்தது. தனியார் கொம்பனிகள் வளர்ந்து, இணையம் சந்தைக்குப் போன பிறகு, 1995 ஏப்ரல் 30 அன்று அந்த முதுகெலும்பை நிறுத்தினார்கள்.

இனி எல்லாம் கொம்பனிகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகங்களுக்குச் சோதனை செய்யும் இடம் இல்லாமல் போனது. காசு வாங்கிக்கொண்டு சேவை கொடுக்கும் வலையமைப்பில் ‘இன்றைக்கு ஒரு புது விஷயம் போட்டுப் பார்ப்போம், விழுந்தாலும் பரவாயில்லை’ என்று சொல்ல முடியாதே. அதனால் 1996 ஒக்டோபரில் 34 அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூடி ‘இன்டர்நெட்2’ என்ற முயற்சியைத் தொடங்கின. ஐரோப்பாவில் நாடுகளின் கல்வி வலையமைப்புகளைப் பிணைத்து, 2001 இல் ஜேயான் வந்தது. சந்தையில் இன்னும் விற்பனைக்கு வராத சேவைகளை உண்மையான பாவனையாளர்களோடு ஓட்டிப் பார்ப்பது இவற்றின் வேலைகளில் ஒன்று.

எங்கட ‘எடுரோம்’ அப்படி வந்ததுதான். 2002 இல் நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் இருந்த கிளாஸ் வீரெங்கா ஒரு யோசனை சொன்னார். ஒரு பல்கலைக்கழகத்து ஆள் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனால், அங்கே புதிதாக ஒரு கணக்குக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஏன்? போன இடம், அந்த ஆளின் சொந்தப் பல்கலைக்கழகத்திடமே ‘இவர் உங்கட ஆள்தானா’ என்று கேட்டால் போதாதா? கடவுச்சொல் பூட்டிய உறைக்குள் வைத்த மாதிரி சொந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். போன இடத்துக்குத் தெரிய வருவது ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில் மட்டும். முதலில் சில ஐரோப்பிய நாடுகளின் நிறுவனங்கள் சோதித்துப் பார்த்தன. 2004 டிசம்பரில் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் நாடாக அவுஸ்திரேலியா சேர்ந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. நாங்கள் கொம்பனியின் பெயர் என்று நினைத்தது, பல்கலைக்கழகங்கள் ஒன்றையொன்று நம்புவதற்கு வைத்துக்கொண்ட ஏற்பாட்டின் பெயர்.

சிங்கப்பூரில் ஒரு கவிதைத் தளம்

இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. மொழி. இணையத்தைக் கட்டியவர்களின் மேசையில் ஆங்கில எழுத்துத்தான் இருந்தது. அதனால் வலையமைப்பின் அடித்தளமும் அந்த எழுத்திலேயே அமைந்தது. அந்த எழுத்து தங்களுக்குப் போதாது என்று உணரக்கூடியவர்கள் சோதனைக் கூடத்துக்குள் வர வேண்டியிருந்தது.

அப்படி ஒரு கூடம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே டெக்நெட் என்ற ஆராய்ச்சி, கல்வி வலையமைப்பு நடந்தது. அதைப் பின்னர் நடத்தியவர் டான் டின் வீ என்ற விஞ்ஞானி. அவருடைய துறை உயிர்வேதியியல். 1995 இல் டெக்நெட் தனியாருக்குக் கைமாறியபோது, அதன் ஆராய்ச்சிப் பக்கம் பல்கலைக்கழகத்திலேயே ஒரு இணைய ஆய்வுப் பிரிவாகத் தொடர்ந்தது. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். பல மொழிகளில் இணையம் ஓடுமா என்று பார்க்க நினைத்தவர்களுக்கு அந்த நான்கும் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தன.

தமிழ்ப் பக்கத்தில் அவர்களோடு சேர்ந்தவர் நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். பொறியியலாளர் இல்லை, எங்கள் பக்கத்து ஆள்! ‘கணியன்’ என்ற தமிழ் எழுத்துமுறையை அவர் உருவாக்கி வந்தார். 1995 ஒக்டோபர் 27 அன்று சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியிடப்பட்டது. அப்போதைய ஜனாதிபதி ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் ஏறிய முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இன்று எங்களுக்கு விளங்காது. பாமினி எழுத்துருவில் டைப் பண்ணின பழைய ஆவணத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு விளங்கும். திரை நிறைய அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள் நிற்கும். யுனிகோட் அட்டவணையில் 1991 இலேயே தமிழ் சேர்ந்திருந்தாலும், அன்றைய கணினிகளிலும் உலாவிகளிலும் அது பாவனைக்கு வந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் எழுத்துருவோடு தனித் தனித் தீவாக இருந்தார்கள். கோவிந்தசாமி முன்னின்று 1997 இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியதும், 1999 இல் சென்னையில் அடுத்த மாநாடு நடந்ததும் இந்தத் தீவுகளை இணைக்கத்தான். இன்று பலருடைய போனிலும் இருக்கும் ‘தமிழ்99’ விசைப்பலகை அந்தச் சென்னை மாநாட்டின் வழியாக வந்தது. அதே 1999 மே மாதத்தில் கோவிந்தசாமி காலமானார். வயது ஐம்பத்து மூன்றுக்குள்தான்.

உதாரணம்.பரிட்சை

பக்கத்தில் தமிழ் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தின் முகவரி இன்னும் ஆங்கிலத்தில்தான். தளப்பெயர் முறை ஏற்றுக்கொண்டது ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்து, பத்து இலக்கம், ஒரு சிறு கோடு. அவ்வளவும்தான். 1998 இல் சிங்கப்பூரில் அதே ஆய்வுப் பிரிவினர் இந்தக் கட்டையும் தளர்த்திப் பார்த்தார்கள். 1999 இல் ஆசிய நாடுகள் சில சேர்ந்து ஒரு சோதனைத் தளம் அமைத்தார்கள்.

உலகம் முழுக்க இருக்கும் பழைய கணினிகள் எல்லாவற்றையும் மாற்றுவது நடக்காத காரியம். அதனால் கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி கொஞ்சம் தந்திரமானது. நாங்கள் தமிழில் அடிக்கும் முகவரியை, உலாவி உள்ளுக்குள் ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு சரமாக மாற்றிவிடும். எக்ஸ், என், இரண்டு சிறு கோடுகள் என்று அது தொடங்கும். பழைய கணினிக்கு அது வழமையான ஒரு முகவரி, எங்களுக்கு அது தமிழ். 2003 இல் இதற்கான தரநிலைகள் வெளிவந்தன.

ஆனால் முகவரியின் கடைசித் துண்டையும், ‘டொட் கொம்’ இருக்கும் இடத்தையும், வேறு எழுத்துக்கு மாற்றினால் முழு இணையமும் குழம்பிப்போகுமா என்ற பயம் இருந்தது. அதனால் தளப்பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, 2007 ஒக்டோபரில் தளப்பெயர்களின் வேரிலேயே 11 சோதனைப் பெயர்களைச் சேர்த்தது. ‘சோதனை’ என்ற ஒரே சொல்தான், வெவ்வேறு மொழிகளில். அரபு, பாரசீகம், சீனம் இரண்டு வடிவங்களில், ரஷ்யம், ஹிந்தி, கிரேக்கம், கொரியம், இத்திஷ், ஜப்பானியம், தமிழ். தமிழுக்கான முகவரி: உதாரணம்.பரிட்சை.

‘பரீட்சை’ என்று நெடிலில் எழுதி, அதையே வாழ்க்கையாகக் கொண்டு வளர்ந்த எங்களுக்கு அந்தக் குறில் கண்ணில் குத்துகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டியலை இன்னொருக்கா வாசியுங்கள். தமிழைவிடப் பல மடங்கு பேர் பேசும் வங்காளம் அதில் இல்லை. மிகச் சிறிய தொகையினர் பேசும் இத்திஷ் இருக்கிறது. ஆக, எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது மட்டும் கணக்கில்லை. யார் முன்னமே வந்து, கேட்டு, சோதித்து, சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதும் கணக்கு. தமிழின் பெயர் அங்கே இருந்ததற்கு, 1995 இல் ஒரு கவிதைத் தளத்தில் தொடங்கிய பன்னிரண்டு வருஷ வேலை ஒரு காரணம் என்பது எங்கள் வாசிப்பு.

அந்தச் சோதனைப் பெயர்கள் வேலை முடிந்து 2013 இல் நீக்கப்பட்டன. அதற்கு முன்னமே, 2010 இல், இலங்கைக்கு இரண்டு புதிய முகவரிகள் கிடைத்திருந்தன. ஒன்று சிங்களத்தில் ‘லங்கா’, மற்றது தமிழில் ‘.இலங்கை’.

1990இல் இரண்டு இடங்கள்

கதை இப்போது எங்கட வாசலுக்கு வந்துவிட்டது. இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்புக்கு ‘லேர்ன்’ என்று பெயர். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவவின் முயற்சியில், 1990 அளவில் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கியது. தொலைபேசி வழியாக ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை அழைத்து, சேர்த்து வைத்த கடிதங்களை மொத்தமாகக் கொடுத்து வாங்குவார்கள். ‘.எல்கே’ என்ற முகவரியும் அதே 1990 இல்தான் நாட்டுக்குக் கிடைத்தது. அதன் பதிவகமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வளர்ந்தது. முன்னின்றவர் பேராசிரியர் கிஹான் டயஸ். பின்னர் வந்த ‘.இலங்கை’யையும் நிர்வகிப்பது அதே பதிவகம். இதுவும் பல்கலைக்கழகத்தில் சோதித்து நாட்டுக்குக் கொடுத்த வேலைதான், மதிக்க வேண்டியது.

அதே 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. யுத்தம் மறுபடி தொடங்கிய வருஷம் அது. பிறகு பல வருஷங்கள் குடாநாட்டுக்கு மின்சாரம் வரவில்லை. எங்கட அம்மா அப்பாமார் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையைச் சொல்லாத வீடு இல்லை. மண்ணெண்ணெய் விலை ஏற ஏற, போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அதில் எண்ணெயை ஊற்றித் திரியைச் சின்னதாக எரிய விடுவார்களாம். ஒரே நாட்டில், ஒரு பல்கலைக்கழகம் அமெரிக்காவோடு மின்னஞ்சலைச் சோதித்துக்கொண்டிருக்க, இன்னொரு பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த ஊர் இருட்டில் இருந்தது.

இதை மொரட்டுவையில் வேலை செய்தவர்களைக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. சோதனைக் கட்டத்தில் இருக்க முடியாமல் போவது எப்படி நடக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறோம். விருப்பமில்லாமல் ஒதுங்கி நின்றவர்கள் இல்லை எங்கட பெற்றோர். அவர்களுக்கு மேசைக்கு வரும் வழியே இருக்கவில்லை.

2020 இல் கொவிட் வந்து கம்பஸ் மூடப்பட்டபோது லேர்னின் பெயரை எங்களில் பலர் முதல் தடவையாகக் கேள்விப்பட்டார்கள். லேர்ன் வழியாக நடந்த ஸூம் வகுப்புகளுக்கு டேட்டா வெட்டாமல் இருக்கத் தொலைபேசிக் கொம்பனிகளோடு ஏற்பாடு செய்யப்பட்டது. பெரிய உதவி. ஆனாலும் சிக்னலுக்காக மரத்திலும் பாறையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தன. வலையமைப்பு கம்பஸ் மதிலோடு நின்றுவிட்டால் போதாது என்பது அந்தச் சோதனையின் முடிவு.

இப்போது எங்களிடம் மின்சாரம் இருக்கிறது, போன் இருக்கிறது, எடுரோம் இருக்கிறது. மேசைக்கு வழி இருக்கிறது. ஆனால் ‘.இலங்கை’ என்று முடியும் முகவரியைத் தெருவில் எத்தனை பெயர்ப்பலகையில் பார்த்திருக்கிறோம்? தமிழில் எழுதிய மின்னஞ்சல் முகவரியைப் போட்டால், ‘தவறான முகவரி’ என்று திருப்பி அனுப்பும் படிவங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. தரநிலை இருக்கிறது, பெயர் இருக்கிறது, பாவித்துப் பார்த்துப் பிழை சொல்ல ஆள் இல்லை.

எங்கட ஊர்ப் பேச்சில் பரீட்சைக்கும் ‘சோதினை’ எண்டுதான் சொல்லுவினம். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் மற்றவர்கள் வைத்த சோதினைகளை எழுதியே நாங்கள் கம்பஸ் வந்தோம். வைக்கிற பக்கத்தில் ஒருக்காலும் இருந்ததில்லை. நா. கோவிந்தசாமி ஒரு தமிழ் விரிவுரையாளராக ஆய்வுகூடத்துக்குள் போய் நின்றதை நினைக்கும்போது, கலைப்பீடத்துக்கு அங்கே வேலை இல்லை என்று இனிச் சொல்ல மாட்டோம். அடுத்த முறை எங்கட கம்பஸில் புதிதாக ஒரு சேவையைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அறிவித்தல் வந்தால், பெயரைக் கொடுப்போம். தமிழில் அடித்துப் பார்ப்போம். உடைந்தால் எங்கே உடைந்தது என்று எழுதிக் கொடுப்போம்.